பிரமாதம்

இருநூற்றுப் பதினான்கு பெட்டிகள்.
ஒவ்வொரு மார்ச்சிலும் களஞ்சியக்காரர் கருணாதிலக
எண்ணிக் கையொப்பமிடுகிறார்.
உள்ளே கணினி இருக்கிறதா என்று
எவரும் கேட்டதில்லை. பெட்டி இருக்கிறது.
பெட்டியின் மேல் தேத்தண்ணிக் கோப்பை வைத்த
வட்டங்கள் இருக்கின்றன.
உத்தரவாதம் முடிந்தது
போன வெசாக்குக்கு முந்தின வெசாக்கோடு.

நான் கொம்பனித்தெருக் கந்தோரின் மொழிபெயர்ப்பாளர்.
இரண்டு அமைச்சுகள் சண்டைபிடித்தால்
சண்டையின் தமிழ்ப் பிரதி என்னுடையது.

கணினி எங்களுடையது, மின்கம்பி உங்களுடையது
என்கிறது ஓர் அமைச்சு.
கம்பி இருக்கட்டும், சுவர் எவருடையது
என்கிறது மற்றது.
திறைசேரி நிதானமாக எழுதுகிறது:
முதலில் இருவரும் ஒரே தொகையைச் சொல்லுங்கள்.
துணைக்குழு கூடியது.
துணைக்குழுவின் பெயரை மாற்ற
இன்னொரு துணைக்குழு கூடியது.
பத்தரமுல்லையிலிருந்து வந்த இளம் ஆலோசகர்
எங்கள் எழுத்தைத் திரையில் காட்டினார்:
கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்,
வெள்ளம் கழற்றிப்போன கதவும் நிலையும் மாதிரி.
அடுத்த கட்டத்தில் சரிவரும் என்றார், சிங்களத்தில்.
அதையும் மொழிபெயர்த்தேன்.

சிங்களத்தில் தாமதத்துக்குப் பிரமாதய என்பார்கள்.
நூறு கடிதத்தில் நூறு தடவை
அந்தச் சொல்லை ஒழுங்காகத் தாமதம் ஆக்கியிருக்கிறேன்.
நாக்கு நுனியில் தமிழ்ப் பிரமாதம்
ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டு நிற்கும்.
ஒருநாள், பின்னேரம் மூன்று மணி, மழை,
பேரே வாவியின் நாற்றம் ஜன்னலால் ஏறிவர
கரண்ட் போய் விசிறி நின்ற அரைமணி நேரத்தில்
அதை உள்ளே விட்டுவிட்டேன்.

"பதிவேடுகளைக் கணினிமயமாக்கும் திட்டம்
பிரமாதம் என்பதைப் பொதுமக்களுக்கு
மனவருத்தத்துடன் அறியத்தருகிறோம்."

எல்லாவற்றிலும் முரண்பட்டவர்கள்
இதில் மட்டும் ஒன்றுபட்டார்கள்.
மூன்று முத்திரை, இரண்டு கையொப்பம்,
ஒட்டியாயிற்று.
பதினொரு மாதம்.

மாளிகாவத்தை சித்தி ஜெஸீமாதான் வாசித்தவர்.
உம்ராவுக்குப் போக வேண்டும்;
அடையாள அட்டையில் ஜசீமா, கலியாணப் பதிவில் யசிமா,
பிறப்புப் பத்திரம் கொண்டுவா என்கிறார்கள்.
இது நாலாம் தரம்.
அறிவித்தலின் முன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நின்றார்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
கவுண்டருக்கு வந்து கேட்டார்:
"பிரமாதமென்டு ஒட்டியிருக்கே மகள்,
அப்ப என்ட துண்ட அதுலருந்து எடுத்துத் தாங்களே."

பதிவேட்டு அறைக்குப் போனேன்.
அது என் வேலையல்ல; வேலைக்குரியவர் லீவு.
அறுபத்தெட்டு, தொகுதி ஏழு.
கறையான் ஓரத்தைத் தின்று
பெயரை விட்டுவைத்திருந்தது.
தகப்பன் தொழில்: துறைமுகக் கூலி.
எவரோ ஒரு லிகிதர் நீல மையில்
சுழித்து நிறுத்திய ஜெ, இன்னும் ஈரம்போல.
பார்த்தெழுதினேன்.
பதிவாளரைச் சாப்பாட்டு மேசையில் பிடித்து ஒப்பம் வாங்கினேன்.
நாற்பது நிமிடம்.

பத்திரத்தை நாலாய் மடித்துப் பைக்குள் வைத்து
"கம்பியூட்டர் நல்ல சுறுக்குத்தான்" என்றார்.
கேலியா, தெரியவில்லை.
கையில் மை இருந்தது. பார்த்திருப்பார்.

இன்று காலை புதிய கடிதம்.
புதிய செயலாளர், பழைய சுவர்,
முதல் வரியிலேயே அந்தச் சொல்.
பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.
நடைபாதையில் மார்ச் மாதம்:
இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பதின்மூன்று,
பிறகு கொஞ்சம் மௌனம்,
பிறகு கருணாதிலக
ஒன்றிலிருந்து.